நெடியில்லாத மிளகாய்

கனடாவின் ஸ்காபரோவில், செத்தல் என்று நாங்கள் சொல்லும் காய்ந்த மிளகாயைச் சமையலுக்கென்று வாங்காத ஒரே தமிழர் அவராகத்தான் இருப்பார். எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் இதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. எனக்கு அவர் செத்தல் அங்கிள். எங்கள் அணியில் மற்ற எல்லோருக்கும் ஸ்மோக் அங்கிள்.

எங்கள் கல்லூரி புட்போல் அணியை ஊர் ஊராக ஏற்றி இறக்கிய மஞ்சள் பஸ்ஸின் சாரதி அவர். புட்போல் என்றதும் உதைபந்தாட்டத்தை நினைத்துவிடாதீர்கள். தோளுக்கு மெத்தை, தலைக்கு ஹெல்மெட், முகத்துக்குக் கம்பிக்கூடு எல்லாம் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்துக்காக ஆளை ஆள் மோதி விழுத்துகிற அமெரிக்க விளையாட்டு. கனடாவில் விதிகள் கொஞ்சம் வேறு. அதில் நான் கிக்கர். மற்றவர்கள் காளைமாடுகள்போல் முட்டி மோதிக் களைத்த பிறகு, மடிப்புக் குலையாத உடுப்போடு உள்ளே போய், இரண்டு கம்பங்களுக்கு நடுவால் பந்தை உதைத்துவிட்டு வருவது என் உத்தியோகம். அணியில் ஒரே தமிழனும் நான்தான்.

முதல்நாளே பஸ் கண்ணாடியில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி யாழ்ப்பாணமோ?"

"அப்பா அம்மா யாழ்ப்பாணம். நான் இங்கை ஸ்காபரோ வோபர்ன், அங்கிள்."

"நானும் வோபர்ன்தானடா! பிறகென்ன, சொந்தக்காரராய்ப் போனம். நீ என்ன விளையாடுறனி?"

"பந்தை உதைக்கிறனான்."

"மற்றவங்கள்?"

"அவங்கள் உதைக்கிறேல்லை, அங்கிள்."

"அப்ப புட்போல் விளையாடுறது நீ ஒருத்தன்தான். உவங்கள் சும்மா அடிபடுறாங்கள்."

அந்தத் தீர்ப்பை அவர் கடைசிவரை மாற்றவில்லை.

முதல் ஆட்டத்தில் நான் உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போய், யாரோ ஒருவருடைய கோப்பியைத் தட்டி ஊற்றியது. தோற்றோம். அடுத்த ஆட்டத்துக்குப் போய் இறங்கினால், கார்த் தரிப்பிடத்தில் அங்கிள் காம்பிங் அடுப்பும் பழைய தாச்சிச் சட்டியுமாகக் குந்தியிருக்கிறார்.

"கண்ணூறடா தம்பி. இவ்வளவு சனமும் உன்ரை ஒரு காலையே பாத்துக்கொண்டிருந்தால் அது என்ன செய்யும், பாவம்?"

மிளகாயையும் உப்பையும் என் தலையைச் சுற்றினார். துப்பச் சொன்னார். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து துப்பியதில் பாதி கம்பிக்கூட்டிலேயே தங்கிவிட்டது. பிறகு அதைத் தாச்சியில் போட்டு எரித்தார். நெடி வந்தால் ஆளுக்கு ஒன்றுமில்லை. நெடி வராவிட்டால் பொல்லாத கண்ணூறு இருந்தது, மிளகாய் அதை இழுத்துக்கொண்டது என்பது நம்மவர்களின் கணக்கு.

ஆட்டம் தொடங்கியும் அவர் எரிப்பதை நிறுத்தவில்லை; புகை நேரே எதிரணி இருந்த பக்கம் போனது. அவர்கள் இருமினார்கள். அவர்களுடைய கோச் இருமினார். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி இருமியதில் அது தானாக ஊதி, ஆட்டம் நின்றது. ஆனாலும் நாங்கள் வெல்லவில்லை. அவர்கள் இருமி இருமியே எங்களை அடித்துத் துவைத்தார்கள்.

ஆட்டம் முடிந்து வந்து பார்த்தால், அங்கிளோ இன்னும் தாச்சிக்கு மேலே குனிந்திருந்தார். முகம் பீற்றூட் நிறம், கழுத்து நரம்பெல்லாம் புடைத்துப்போய்.

"பாத்தியே? ஒரு பொட்டு நெடி இல்லை. அவ்வளவும் கண்ணூறு!"

"அங்கிள், உங்கடை கண்ணாலை தண்ணி ஓடுது."

"அது காத்துக்கு."

இன்னொரு நாள், வெயில் கூசாமல் இருக்க எங்கள் பையன்கள் கண்ணுக்குக் கீழே கறுப்பு மை பூசுவதைப் பார்த்துவிட்டார். சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியே, வெள்ளைக்காரனுக்கும் கண்ணூறு தெரிஞ்சிருக்கு! ஆனா பொட்டை இடம் மாறி வைக்கிறாங்கள்" என்று போய், மலைபோல் நின்ற ஒருவனின் கன்னத்தில் வட்டமாக ஒன்று வைத்துவிட்டார். அவனும் பசுப்போலக் காட்டிக்கொண்டு நின்றான்.

பருவம் முடியப்போனது. ஒரு வெற்றிகூட இல்லை. கோச் என்னைத் தனியே கூப்பிட்டு, கடைசி ஆட்டத்திலும் தோற்றால் உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடு என்றார். அந்த உடுப்பு இல்லாவிட்டால் அந்தக் கல்லூரியில் என்னை ஏனென்று கேட்க நாதியில்லை.

கடைசி ஆட்டத்தன்று மைதானக் காவலாளி அடுப்பைப் பற்றவைக்க விடவில்லை. அங்கிள் எவ்வளவோ மன்றாடினார். பிறகு மிளகாயை என் தலையைச் சுற்றி, தன் ஜக்கெற் பைக்குள் போட்டுக்கொண்டார். "போ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

இரண்டு அணிக்கும் ஒரே புள்ளிகள். கடைசி உதை என்னுடையது. முழுப் பலத்தோடு உதைத்தேன். காற்று பந்தைக் கம்பத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனது. முழங்காலில் விழுந்து கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்த கணம் எங்கள் பையன்கள் என்னைத் தூக்கி வானத்தில் எறிகிறார்கள்.

ஓடிப்போய்ப் பார்த்தால் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று அங்கிள் அழுகிறார்.

"பரவாயில்லையடா தம்பி..."

"அங்கிள், வெண்டிட்டம்!"

"கம்பத்துக்கு வெளியாலையெல்லோ போனது?"

"தவறினாலும், பந்து பின் எல்லையைத் தாண்டினால் ஒரு புள்ளி. கனடாவிலை அப்பிடித்தான்."

அவர் மூக்கைத் துடைத்துவிட்டு யோசித்தார். "தவறினதுக்கும் புள்ளி குடுக்கிறாங்களோ! நல்ல நாடடா இது."

அன்று மாலை போன் வந்தது. "தம்பி, அந்த மிளகாயை வீட்டை கொண்டுவந்து எரிச்சனான். பயர் அலாரம் அடிச்சு பில்டிங் சனம் முழுக்கக் கீழை நிண்டு இருமுது. எனக்கெண்டால் ஒண்டும் மணக்கேல்லை! அப்ப உனக்கு எவ்வளவு கண்ணூறு இருந்திருக்கும்?"

போனை வைத்த பிறகு அவர் இருமிய இருமல் வோபர்ன் முழுக்கக் கேட்டிருக்கும். தன் நெஞ்சைப் புண்ணாக்கிக்கொண்டு, என் கால் பிழையே விடவில்லை என்று பருவம் முழுக்கச் சாதித்த மனுஷன் அவர். பெற்ற தகப்பன்கூட எனக்காக அப்படி வழக்காடியதில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன. போன மாதம் என் வேலை போய்விட்டது. விட்பி நகரில் மகளோடு இருக்கும் அவரைப் பார்க்கப் போனேன். ஊன்றுகோலோடு பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதே தாச்சி.

"வேலை போனதுக்கு நீ என்ன செய்வாய்? கண்ணூறு."

மிளகாய் கருகியது. பக்கத்து வீட்டு நாய் தும்மிக்கொண்டு உள்ளே ஓடியது. அவருடைய முகம் மெல்ல மெல்லப் பீற்றூட் நிறத்துக்கு மாறியது.

"உனக்கு ஏதும் மணக்குதோ தம்பி?"

வந்த இருமலை விழுங்கிக்கொண்டு, "இல்லை அங்கிள். ஒரு பொட்டு நெடி இல்லை" என்றேன்.