பயமில்லாத நாற்சந்தி

பொகோட்டாவின் தெற்கே, சரக்கு லாரிகள் வலப்பக்கம் திரும்பும் எங்கள் நாற்சந்தியில் சைக்கிள்காரர்களுக்கு ஒரு சிக்னல் வேண்டுமென்று மேன்மைமிகு போக்குவரத்து அலுவலகத்துக்கு விண்ணப்பம் போனது. போட்டவள் நிடியா. விடிந்ததும் சைக்கிளில் பெட்டி கட்டி அரேபா ரொட்டி விற்கிறவள். லாரி இடித்து இடது கையில் மாவுக்கட்டு. எழுதிக்கொடுத்தவன் நான்; மூலையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன்.

பதினோரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதற்குள் கை ஆறி, மறுபடி இடிபட்டு, மறுபடி கட்டும் போட்டாகிவிட்டது. ஞாயிறு காலை நேரில் ஆய்வாம்.

ஞாயிறு காலை எங்கள் சாலையில் லாரியும் கிடையாது, காரும் கிடையாது. இரண்டு மணி வரை அடைத்துப் போட்டு, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிடுவார்கள். ஊரே பளபளவென்று இறுக்கிப்பிடித்த சட்டையில் வந்து இறங்கும்.

ஆய்வுக்கு டாக்டர் பெனாவிதெஸ் வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. இங்கே கோட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்தாலே டாக்டர்தான்.

"லாரி எங்கேம்மா?"

"இன்னைக்கு எப்படி வரும் டாக்டர்? நாளைக்கு வாங்க, வரிசையா வரும்."

"நாளைக்கா? நடுரோட்டுல நின்னு அளக்கணும்மா! ஆபத்தான சந்தியில லாரி ஓடுற நாள்ல ஊழியர் இறங்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

"அப்ப ஆபத்துன்னு உங்களுக்கே தெரியுதுல்ல?"

"தெரியும். நிரூபிக்க வேணாமா?"

மூன்று மணி நேரம் அளந்தார். சைக்கிள்கள், நாலாயிரத்துச் சொச்சம். லாரி, இல்லை. மோதல், ஒன்று: ஒரு வக்கீலும் ஒரு நாயும். பிறகு பொதுமக்கள் கருத்து. 'இப்போது இங்கே உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?' கையெழுத்துப் போட்டால் ஒரு தொப்பி இலவசம். நல்ல வெயில், பாட்டு வேறு, எவன் பயப்படுவான்? 'இல்லை' என்று நானும் போட்டேன். வெட்கக்கேடுதான். எனக்கு முன்னால் வலது கையால் போட்டவள் நிடியா.

"இப்பவான்னுதானேண்ணே கேட்டாரு?" என்றாள் பிற்பாடு.

சிக்னல் வரவில்லை. 'இது பாதுகாப்பான சந்தி' என்று ஆளுயரப் பலகை வந்தது. திரும்புகிற லாரியைச் சரியாக மறைக்கிற இடமாகப் பார்த்து நட்டுவிட்டுப் போனார்கள்.

வயிற்றெரிச்சல் தாங்காமல் தினமும் காலையில் நான் பலகைக்கு அந்தப் பக்கம் போய் நிற்கிறேன்.

"நில்லு... நில்லுடீ! சனியன் போகட்டும். ம், இப்ப போ!"

நிடியா போவாள். அவள் பின்னால் நாற்பது பேர் போவார்கள்.

ஆறு மாதத்தில் ஒரு விபத்தும் இல்லை. போன வாரம் டாக்டர் பூங்கொத்தோடு வந்தார், எனக்கில்லை, பலகைக்கு. மாபெரும் வெற்றியாம்; இன்னும் ஐம்பது சந்திகளில் வைக்க உத்தரவாகிவிட்டதாம்.

"அங்கெல்லாம் எட்டிப் பாத்துச் சொல்ல யாரு நிப்பாங்க, டாக்டர்?"

"ஆள் எதுக்குய்யா? அதான் பலகை இருக்கே!"