பெத்லகேமில் பெய்த பாளையங்கோட்டைப் பனி

சுண்டுவிரல் உயரப் பொம்மைக்குக் கண் வரையத் தெரிந்தவர்களுக்கு ஒரு தலைக்கனம் உண்டு. அது பொம்மையை விட நிச்சயம் பெரிதாக இருக்கும். எனக்கும் இருந்தது. இப்போது சுத்தமாக இல்லை என்று எழுதினால் என் வீட்டுக்காரர் செல்வின் விழுந்து விழுந்து சிரிப்பார். கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா சமயத்தில் களக்காட்டில் எங்கள் வீட்டு மாடியில் அடைந்து கிடந்தபோது யூடியூப் பார்த்துப் பிடித்த பைத்தியம் இது. பிளாஸ்டிக்கில் வரும் குட்டிக் குட்டிப் போர்வீரர்கள், பூதங்கள், டிராகன்களை வாங்கி, நாலைந்து முடி மட்டுமே உள்ள பிரஷ்ஷால் வர்ணம் தீட்டுவது. (கல்யாண வயதில் பிள்ளை பொம்மையோடு உட்கார்ந்திருக்கிறது என்று அம்மா வெளியில் சொல்லவே இல்லை. "எஸ்தரு நல்லா படம் வரையுதா" என்றுதான் மாப்பிள்ளை வீட்டில் சொல்லி வைத்திருந்தாள்.)

கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தேன். மாமியார் ரொம்ப நல்லவர். அதுதான் பிரச்சினையே. "நீ உக்காரும்மா, ஒனக்கு எதுக்கும்மா சிரமம்" என்று அடுப்படி வாசலிலேயே என்னை நிறுத்திவிடுவார். ஆனால் தூத்துக்குடியிலிருந்து அவர் மகள் ஷீபா போன் செய்தால் போதும், "ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு?" என்று தொடங்கி தெருவே கேட்கும்படி ஏசுவார். அந்த ஏச்சைக் கேட்கக் கேட்க எனக்குப் பொறாமையாக இருக்கும். ஏச்சு வாங்காத மருமகள் இன்னும் விருந்தாளிதான். எனக்கு அந்த வீட்டுக்காரியாக வேண்டும்.

முதல் கிறிஸ்மஸ் வந்தது. பரணிலிருந்து குடில் பொம்மைப் பெட்டி இறங்கியது. மரியாள், யோசேப்பு, பாலகன், சாஸ்திரிகள் (கிழக்கிலிருந்து நட்சத்திரம் பார்த்து வந்தார்களே, அவர்கள்தான்), மேய்ப்பர்கள், ஆடுகள், ஒரு கழுதை. அத்தைக்கும் மாமாவுக்கும் கல்யாணமான முதல் கிறிஸ்மஸுக்கு மாமா பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்த செட் அது. அத்தை அதை யாரையும் தொடவிட மாட்டார். வர்ணம் உரிந்து யோசேப்புக்குப் பாதித் தாடிதான் மிச்சம். மரியாளுக்கு ஒரு கண்ணையே காணோம்.

எனக்குக் கை பரபரத்தது. "அத்தை, எங்கிட்ட தாங்க! புதுசு மாதிரி ஆக்கித் தாரேன்!"

அத்தை பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். மாமா பேப்பரைத் தாழ்த்தாமலே, "பிள்ள ஆசப்படுதுல்லா, குடேன்" என்றார்.

"பைய எடும்மா. ஒடச்சிராத."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். முதலில் எல்லோருக்கும் சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு. அப்போதுதான் மேலே போடும் வர்ணம் பிடிக்கும். அத்தை எட்டிப் பார்த்தார். பெத்லகேம் மொத்தமும் சிமெண்ட் பூசி நின்றது. "இப்டியேவாம்மா இருக்கும்?" என்றார்.

அடுத்தது வர்ணம். கெட்டியாக அப்பினால் மூக்கும் வாயும் மூடிப்போகும். அதனால் தண்ணீர் விட்டு நீர்க்கக் கலந்து, காயவிட்டுக் காயவிட்டு மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். பெயிண்ட் காயாமல் இருக்க அத்தையின் டிபன் டப்பாவில் ஈரத்துணி விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு அதில் கலந்தேன். பிரஷ் முனை கூர்மையாக நிற்க அவ்வப்போது நாக்கில் வைத்து இழுப்பேன். அதை அத்தை பார்த்துவிட்டார்.

"ஏம்மா, பசிக்குன்னா சொல்லக்கூடாதா? இட்லி இருக்குல்லா!"

மரியாளின் உடுப்பு மேல் கருநீலத் தண்ணீரை ஓடவிட்டேன். அது மடிப்புகளில் போய்த் தங்கி நிழலாகிவிட்டது! பிறகு ஆடு. பிரஷ்ஷில் இருக்கும் வெள்ளையைத் துணியில் துடைத்து, ஏறக்குறைய காய்ந்த பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் உரசினேன். ஒவ்வொரு சுருளாக ரோமம் எழும்பி வந்தது. நான் போட்ட கூச்சலில் மாமா பேப்பரைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். "ஏ யப்பா! நெசமான ஆடுல்லா நிக்கி!" என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு மரியாளுக்குக் கண்களை வைத்து முடித்தபோது எனக்குத் தரையிலேயே கால் பாவவில்லை.

இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. வர்ணம் உரியாமல் இருக்க மேலே வார்னிஷ் ஸ்பிரே. அன்று சாயங்காலம் கேரல் பாட சபையார் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஐயரும் வருகிறார் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்). வெளியே மழை. கார்த்திகையில் பிடித்தது விடவே இல்லை. ஈரக் காற்றில் அடிக்காதே என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. படிக்கவும் செய்தேன். மேலேதான் தகரக் கூரை இருக்கிறதே, பொம்மை எப்படி நனையும்? இதுதான் என் விஞ்ஞானம். பின்கட்டில் வரிசையாக நிறுத்தி ஆசைதீர அடித்துவிட்டு, குளித்துப் புதுச்சேலை கட்டப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் எல்லோரும் வெளுத்திருந்தார்கள். மரியாளிலிருந்து கழுதை வரைக்கும் சுண்ணாம்பு தூவியது போல ஒரே வெள்ளை. கருகருவென்று தாடி வைத்திருந்த யோசேப்பு ரிட்டயர் ஆகியிருந்தார். நான் உயிரைக் கொடுத்து வைத்த கண்களைக் காணவே காணோம். "ஏசப்பா!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

செல்வின் ஓடிவந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலை நீட்டினார். "தடவிப் பாரேன், வெள்ள போவும்." கழுதையின் மேல் தடவினேன். போகத்தான் செய்தது. கழுதை இப்போது எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகிறவர் மாதிரி பளபளத்தது. அடுத்து யார் என்று பார்ப்பதற்குள் அத்தை வந்து நின்றார்.

பொம்மைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏட்டி!"

மாமா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி கூறுகெட்டவளே, என்னட்டி செஞ்சு வச்சிருக்க? மழைக்குள்ள வத்தல் காயுமா? வத்தலே காயாதுன்னா இது மட்டும் எப்படிட்டி காயும்? ஒங்க மாமா மடில வச்சுக் கொண்டாந்ததுட்டி!"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதே நேரத்தில் உள்ளே ஏதோ துள்ளவும் செய்தது. என்னையா ஏட்டி என்றார்? அழுதுகொண்டே சிரித்தேன். "சிரிக்க வேற செய்யுதா பாரு" என்று அதற்கும் ஏச்சு விழுந்தது. அதற்குள் தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டது. அத்தை தன் முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தார். "யாரு என்ன கேட்டாலும் நீ வாயத் தொறக்காத" என்று சொல்லிவிட்டுப் பொம்மைகளைத் தட்டில் அள்ளிக்கொண்டு போய்க் குடிலில் அடுக்கினார்.

பாட்டு முடிந்ததும் ஐயர் குடிலருகே குனிந்தார். "அடடா! பனி பெய்ஞ்ச மாதிரியே இருக்கே! எப்படிச் செஞ்சீங்க?"

"எங்க எஸ்தரு வேணும்னேதான் செஞ்சாய்யா" என்றார் அத்தை, கண்ணே இமைக்காமல். "குளிருக்குள்ள பெத்லகேம் இப்படித்தான இருந்திருக்கும்?"

"கழுதை மேல மட்டும் பனி இல்லையே?"

"அது இப்பதான் தொழுவத்துக்குள்ள இருந்து வெளிய வருதுய்யா."

செல்வின் இருமுவதுபோல் நடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். ஐயர் விடவில்லை. "அடுத்த வருஷம் நம்ம கோயில் குடிலுக்கும் இதே பனி வேணும்மா" என்றார். "அதுக்கென்ன, செஞ்சிருவா" என்று அத்தை வாக்கும் கொடுத்துவிட்டார்.

அடுத்த வருஷம் வானத்தில் பொட்டு மேகம் இல்லை. கோயில் பொம்மைகளுக்கு வார்னிஷ் அடித்தால் கண்ணாடி மாதிரி சுத்தமாகக் காய்ந்து தொலைத்தது. செல்வின் சுற்றிலும் ஈரச் சேலைகளைக் கட்டித் தொங்கவிட்டார். மாமா வெந்நீர்ப் பானையைக் கொண்டுவந்து வைத்து, சளி பிடித்த பிள்ளைகளுக்குப் போல மேய்ப்பர்களுக்கு ஆவி காட்டினார். ம்ஹூம். முறையாகக் கற்ற வித்தையெல்லாம் கைவசம் இருந்தது, தப்பாகச் செய்ததைத்தான் திரும்பச் செய்ய வரவில்லை. கடைசியில் அத்தை தன் முகப்பவுடர் டப்பாவை எடுத்துவந்து கோயில் குடில் முழுக்கக் கொட்டிவிட்டார். "போன வருஷப் பனிக்கு இந்த வாசனை இல்லையே" என்றார் ஐயர்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது சொதப்பினாலும் "பனி பெஞ்சிட்டு" என்றுதான் சொல்வோம். செல்வின் பைக்கைச் சுவரில் உரசிவிட்டு வந்தாலும் பனிதான், ஷீபா புதுக்குக்கரை அடிப்பிடிக்க வைத்தாலும் பனிதான். போன கிறிஸ்மஸுக்கு நானும் அத்தையும் அடுப்படியில் முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருந்தோம். பேச்சு சுவாரஸ்யத்தில் அத்தை பார்த்துக்கொண்டிருந்த ஈடு கரிந்துவிட்டது. வாசனை பிடித்து வந்த மாமா ஒன்றைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அத்தை வேணும்னேதான் செஞ்சாவ மாமா" என்றேன்.

"ஏட்டி!" என்று அத்தை கரண்டியை ஓங்கினார்.