சுகமா, ராஜா?

பினாங்குத் தீவில் ரொட்டி விற்றவர்களுள், 'ரொட்டி' என்று ஒரு முறைகூடக் கூவாமல் கூடையைக் காலி செய்த மனிதர் ஒருவர்தான் இருந்தார். நாகூர் முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் முறையில் அவரைச் சுகமா நானா என்று அழைப்போம். அவருடைய உம்மா ஆசையோடு வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். டத்தோ கிராமாட் சாலையிலிருந்து கிளைத்த எங்கள் சந்தில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் அதைச் சொல்ல நேரம் வாய்க்கவில்லை. வந்தவுடன் பிறரை விசாரிக்கத் தொடங்கிவிடுவார்.

மற்ற ரொட்டிக்காரர்கள் முனையிலேயே கூவித் தெருவை எழுப்புவார்கள். நானா ஓசையின்றி வந்து வாசலில் நின்று, "வேலை சுகமா?" என்பார். உடம்பு சுகமா என்று கேட்பது உலக வழக்கம். செய்கிற வேலை பிடித்திருக்கிறதா என்று விடிந்ததும் விடியாததுமாகக் கேட்கிற மனிதரை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அவர் நாகூர்க்காரர், நெடிய உருவம். தலையில் எப்போதும் ரொட்டிக்கூடை இருக்கும். கூடை இருப்பதால் தலையசைக்க முடியாது. ஆகவே 'ஆமாம்' என்பதற்கு முழங்காலை மடக்கி எழுவார். மிகவும் உடன்பாடான செய்தி என்றால் இரண்டு முறை எழுவார். தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு, யாரோ ஒருவர் கூடையை வைத்துக்கொண்டு நடனம் பழகுவதாகத் தோன்றும்.

சந்திப்பில் கை நீட்டி நின்ற சீக்கியப் போலீஸ்காரரிடம் ஒருநாள் கேட்டுவிட்டார். அந்த நல்ல மனிதர் கையை இறக்கி யோசிக்க ஆரம்பித்தார். ரிக்‌ஷாக்களும் மாட்டுவண்டிகளும் நான்கு பக்கமும் நின்று, அவருடைய வாழ்க்கையைப் பற்றி அவர் ஒரு முடிவுக்கு வரும் வரை காத்திருந்தன. சவப்பெட்டி செய்யும் சீனக் கடை முதலாளி தவுக்கேயோ தம் வேலையை மிகவும் விரும்பினார். ஆனால் அந்தக் கடையின் முகப்பில் நின்று சிரிக்கலாகாது அல்லவா? நானாவின் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத் தினமும் பின்வாசலுக்கு வந்து, வேண்டிய மட்டும் சிரித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போவார்.

பதிலுக்கு ஏற்றபடி ரொட்டி கிடைக்கும். வேலை சுகமில்லை என்பவர்களுக்குக் கூடையின் அடியிலிருந்து சூடு ஆறாத ரொட்டி. சுகம் என்பவர்களுக்கு மேலே ஆறிக் கிடப்பது. "மனசு குளுந்து கெடக்குறவனுக்கு ஆறுன ரொட்டி போதாதா?" என்பது அவருடைய நியாயம். இந்த நியாயம் வெளியே தெரிந்ததுதான் தாமதம், எங்கள் சந்து முழுவதும் துயரத்தில் மூழ்கியது. தையற்காரர் ஊசியைச் சபித்தார். நகைக்கடைக்காரர் தங்கத்தைச் சபித்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர், "வேலை தாங்க முடியலை நானா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட அன்றுதான் நானாவுக்குச் சந்தேகம் வந்தது.

எங்கள் வீட்டுக்கு மட்டும் பொய் சொல்லாமலே தினமும் சூடான ரொட்டி கிடைத்தது. அதற்குக் காரணம் என் அண்ணன். அவர் கப்பல் கம்பெனி ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா. காலில் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும்போது கேள்வி வந்து விழும்.

"அண்ணே, வேலை சுகமா?"

"காலங்காத்தால இந்தக் கேள்வி தேவையா? ரொட்டியைக் குடு லா!"

"அப்ப சுகமில்லை," என்று கூறிக் கூடையின் அடியில் கையை விடுவார் நானா.

அண்ணியிடம் அவர் கேட்டதை மட்டும் அண்ணன் நெடுநாள் மன்னிக்கவில்லை. "எனக்கு ஏது நானா வேலை? நான் சும்மா வீட்லதானே இருக்கேன்," என்றார் அண்ணி. இடுப்பில் குழந்தை, பின்னால் உலை கொதித்துக்கொண்டிருந்தது, ஆட்டுக்கல்லில் பாதி அரைத்த மாவு, முற்றத்தில் ஊறவைத்த துணி. நானா கூடை சாயாமல் அத்தனையையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அப்ப இதெல்லாம் யாரு அக்கா செய்யுறா? ராத்திரி ஜின்னுங்க வந்து செஞ்சிட்டுப் போவுதா?"

அண்ணி சிரித்தார். சிரித்தவர் மாலையில் அண்ணன் வந்ததும், நாள் முழுவதும் யோசித்து வைத்திருந்ததைப் போல நிதானமாக, "எனக்கு வேலை சுகமில்லைங்க," என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட தட்டைத் தாமே கழுவிவைத்த அண்ணனை அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துச் சென்றார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. ரப்பர் விலை விழுந்து, ஊரெங்கும் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு வேலை போகவில்லை, சம்பளம் குறைந்தது. பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் பாடசாலையில் தற்காலிக ஆசிரியையாக நான் சேர்ந்தது அதனால்தான். கல்வி இலாகாவின் துரை வந்து என் வகுப்பைப் பார்த்து ஒப்புதல் சொன்னால் வேலை நிலைக்கும். சொல்லாவிட்டால் அடுத்த கப்பலில் என்னை நாகப்பட்டினத்துக்கு அனுப்பி, மாமா வீட்டில் விட்டுவிடுவதென்று முடிவாகியிருந்தது. நான் பிறந்ததும் வளர்ந்ததும் பினாங்கு. அந்த மாமாவைப் புகைப்படத்தில்கூடப் பார்த்ததில்லை.

"தங்கச்சி, வேலை சுகமா?"

"சுகம் நானா."

"நான் ஒடம்பைக் கேக்கலையே."

கப்பலுக்குப் பயந்து ஏற்றுக்கொண்ட வேலை அது. பிடிக்கிறதா என்று யோசிக்க இடமே இல்லாமல் இருந்தது. நானா வற்புறுத்த மாட்டார். சூடும் இல்லாமல் ஆறியும் போகாமல், நடுவிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து பிடித்தது என்பதை ஒரு மழைக்காலையில் சொன்னார். எங்கள் வீட்டு முகப்பில், கூரையிட்ட அஞ்சடி நடைபாதையில் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார்.

"கப்பலை விட்டு எறங்குன மறுநாளே துறைமுகத்துல நெலக்கரி சொமக்குற வேலை தங்கச்சி. மேல நின்ன வெள்ளைக்காரத் துரை தெனமும் என்னைப் பாத்து, 'சுகமா ராஜா?'ன்னு கேப்பாரு. எனக்குக் கண்ணு கலங்கிடும். பெத்தவங்க கூட என்னைய ராஜான்னு கூப்பிட்டதில்லை. 'சுகம் துரை, சுகம்'னு கும்புடு போடுவேன். உடனே இன்னொரு கூடை ஏத்துவாங்க."

துரை கேட்டது 'சுக்கா கெர்ஜா?' என்று. மலாயில் சுக்கா என்றால் பிடித்திருக்கிறது. கெர்ஜா என்றால் வேலை. வேலை பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்க, இவர் தாம் நலமாக இருப்பதைச் சொல்ல, வேலையில் இத்தனை ஆசையுள்ள ஆளா என்று வியந்து துரை மேலும் மேலும் கரியை ஏற்றியிருக்கிறார்.

"ஒருநாள் கடுங்காய்ச்சல். 'சுகமில்லை துரை'ன்னேன். அன்னிக்குத்தான் ரெண்டு கூடை சேத்து ஏத்துனாங்க!"

அதற்கும் காரணம் உண்டு. மலாயில் மறுப்பு முதலில் வரும். தமிழில் கடைசியில் வருகிறது. துரையின் காது 'சுக' என்பதோடு திருப்தியடைந்து மூடிக்கொண்டது. 'இல்லை' வெளியே நின்றுவிட்டது.

கூட வேலை செய்த மலாய்க்காரர் ஒருவர் விளக்கிச் சொன்ன பிறகு நானாவுக்குப் பெருங்கவலை பிடித்துக்கொண்டது. பட்ட சுமையைப் பற்றிய கவலையன்று. வருடக்கணக்காக 'பிடித்திருக்கிறது' என்று சொல்லிவிட்டோமே, அது பொய்யாகிவிடக் கூடாதே என்பது. ஆகவே கரியை விரும்புவதற்கு மனதார முயன்றிருக்கிறார்.

"உத்து உத்துப் பாத்தேன் தங்கச்சி. கறுப்பா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் பாத்தேன். இன்னும் கறுப்பா இருந்துச்சு. அதுக்கு மேல ஒண்ணும் தெம்படலை. சரி, வாயில வந்துட்ட சொல்லுக்கு ஏத்த வேலையைத் தேடிக்கிறதுதான் மொறைன்னு ரொட்டிக்கடையில போய்ச் சேந்தேன். கூடை அப்படியேதான் இருக்கு. ஆனா விடியக்காலைல ரொட்டியை ஏத்துனா, உச்சந்தலைல இளவெயில் குந்துன மாதிரி இருக்கும், தெரியுமா?"

இடைவேளைகளில் எங்கள் பாடசாலை வாசலுக்கும் அவர் பன் விற்க வருவார். கேள்வி பிள்ளைகளையும் விடவில்லை.

"புள்ளைங்களா, வேலை சுகமா?"

"எங்களுக்கு என்ன வேலை நானா?"

"படிக்கிறது வேலை இல்லாம வெளையாட்டா? சொல்லுங்க பாப்பம். கணக்கு சுகமா?"

"சுகமில்லை!" என்று கூரை அதிரும். வெகு விரைவில் அது தினசரிப் பிரார்த்தனையைப் போல ஆகிவிட்டது. 'சுகமா' என்று யார் கேட்டாலும், தத்தம் பாடங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது என் வகுப்புப் பிள்ளைகளின் உறுதியான நம்பிக்கை.

கல்வி இலாகாத் துரை வந்தார். மலாய்ப் பரீட்சை தேறியவர். தமிழில் அவருக்கு இரண்டே சொற்கள் தெரியும். வாசற்படியில் "வணக்கம்" என்று முதலாவதைச் செலவழித்தார். நான் கணக்குகள் நிறைந்த கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனத்தில் கப்பல் ஊதிக்கொண்டிருந்தது. அவர் பிள்ளைகளை நோக்கிப் புன்னகை செய்து, இரண்டாவதையும் செலவழித்தார்.

"சுகமா?"

வகுப்பே எழுந்தது.

"கணக்கு சுகமில்லை! தையல் சுகமில்லை! பாட்டு சுகம்! வாய்ப்பாடு சுகமே இல்லை!"

எல்லோரும் ஓய்ந்த பின், முன்வரிசை அஞ்சலை தனியாக நின்று, நீதி தவறாமல் முடித்துவைத்தாள்: "டீச்சர், கணக்குப் போடாதப்ப சுகம்!"

துரையின் முகம் மலர்ந்தது. "செமுவா சுக்கா!" என்றார் தலைமையாசிரியையிடம். எல்லாமே பிடித்திருக்கிறதாம். இரண்டு மொழியும் அறிந்த தலைமையாசிரியை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்குத் தோள் குலுங்கியதைத் துரை ஆனந்த அழுகை என்று எண்ணியிருக்க வேண்டும். "சார், பிள்ளைகள் சொன்னது என்னவென்றால்..." என்று நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். தன்னடக்கம் வேண்டாம் என்பதுபோல் கையமர்த்திவிட்டு, அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

என் வேலை நிலைத்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. கணக்கில் இத்தனை பிரியமுள்ள பிள்ளைகளுக்கு நாள்தோறும் இன்னொரு கணக்குப் பாடம் சேர்த்து நடத்தப்பட வேண்டுமாம்.

நானாவிடம் சொன்னேன். சிரித்தார், கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு, கூடையில்லாத தலையைத் தடவிக்கொண்டார்.

"எனக்கு ஏத்துன மாதிரியே அதுங்களுக்கும் ஏத்திட்டாங்களே தங்கச்சி."

"நான் என்ன செய்யட்டும் நானா?"

"நான் கரியை விட்டுட்டு ஓடிட்டேன். இந்தப் புள்ளைங்க எங்க ஓடும்? கூடையை எறக்க முடியாது. உள்ள இருக்குறதையாவது மாத்தேன்."

மாற்றினேன். புத்தகத்தில் லண்டன் வியாபாரி வாங்கிய கம்பளிக் கணக்கை மூடிவைத்தேன். ஆறு பெண்களுக்குள் ஒரு பலாப்பழத்தைச் சண்டையில்லாமல் பங்கிடுவது எப்படி என்று கேட்டேன். சண்டை வந்தது, கணக்கும் வந்தது. மார்க்கெட்டில் மீன்காரரிடம் ஏமாறாமல் திரும்பி வருகிற கணக்கை அஞ்சலை சொல்ல, நான் கரும்பலகையில் எழுதினேன். ஒருநாள் இரண்டாவது கணக்குப் பாடத்தின் நடுவில் மணி அடித்தது. "ஐயோ, அதுக்குள்ளயா?" என்று எரிச்சலோடு யாரோ சொன்னார்கள். பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தபோதுதான், சொன்னது நான் என்று தெரிந்தது.

மறுநாள் காலை நானா வாசலில் நின்றார்.

"தங்கச்சி, வேலை சுகமா?"

"சுகம் நானா."

உடம்பைக் கேட்கவில்லையே என்று அன்று அவர் சொல்லவில்லை. முழங்காலை மடக்கி எழுந்தார். மறுபடியும் ஒரு முறை எழுந்தார். பிறகு கூடையின் மேலிருந்து, நன்றாக ஆறிப்போன ரொட்டி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். அதைப்போல ருசியான ரொட்டியை நான் தின்றதில்லை.

தலைமுடி நரைக்கும் வரை அதே வேலையைச் செய்துவிட்டு ஓய்வு பெற்றேன். கோயிலிலும் கடையிலும் பழைய மாணவிகள் எதிர்ப்பட்டு, "டீச்சர், சுகமா?" என்று கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால், கண் மங்கிவிட்டது, முழங்கால் மடங்க மறுக்கிறது. ஆனாலும் அந்தச் சொல் காதில் விழுந்ததும், வலியைப் பொருட்படுத்தாமல் சற்றே மடங்கி எழுந்து, "சுகம்" என்றுதான் சொல்கிறேன். அவர்கள் விசாரிப்பது என் உடம்பை. நான் பதில் சொல்வது நானாவுக்கு.