முப்பத்திரண்டு பக்க அறிக்கையும் ஒரு மோட்டார் ஹோமும்

எதையும் எழுதி வைத்துக்கொண்டால் பிழை வராது என்று நம்பி வாழ்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். நான் அவர்களில் ஒருவன். இருபது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதி வருகிறேன். மெல்பேணில் முதல் மழைக்கோட்டைத் தொலைத்த நாள், வீட்டுத் தண்ணீர்க்குழாய் வெடித்த நாள், அதைத் திருத்த வருகிறேன் என்றவர் வராமல் விட்ட நாள், எல்லாவற்றுக்கும் என்னிடம் திகதி உண்டு. (அவர் வந்த நாளுக்கு இல்லை. நாங்கள் அந்த வீட்டை விட்டு மாறும்வரை அவர் வரவில்லை.) ஆகவே 1977ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் நடந்ததை நான் ஆதாரத்தோடுதான் சொல்கிறேன். ஆதாரம் இருப்பதால் என் மானம் கூடிவிடப் போவதில்லை, அது வேறு.

என் மனைவி வசந்தியின் தகப்பனார் கிளேட்டனில் குடியிருந்தார். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்து, முந்திய ஆண்டின் இறுதியில் ஓய்வு பெற்றிருந்தார். சில்லு வைத்த வீடு ஒன்றை எடுத்துக்கொண்டு மாமியோடு அவுஸ்திரேலியாவைச் சுற்றி வருவது என்று ஒரு பேச்சு அந்த வீட்டில் பல காலமாக இருந்தது. உண்மையில் அது மாமியின் ஆசை. "இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருஷம். நான் கண்டது இந்தக் குசினி யன்னலும் பின்வளவும்தான்" என்று அவர் அடிக்கடி சொல்வார். மாமா எதையும் செய்முறையில் நிறுவிப் பார்க்கிறவர். வாங்குவதற்கு முதல் ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுத்துப் போய்ப் பார்ப்பது என்றும், அந்த ஒரு கிழமை சரிவராவிட்டால் இனி அந்தக் கதையையே எடுக்கக் கூடாது என்றும் தீர்ப்புச் சொன்னார். மாமி சம்மதித்தார். வேறு என்ன செய்வது?

மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகும் கரவனா, எஞ்சினும் படுக்கையும் அடுப்பும் ஒரே உடம்பில் இருக்கும் மோட்டார் ஹோமா?

"தம்பி, நீர்தானே கனக்க வாசிக்கிற ஆள். ஒருக்கா விசாரிச்சுச் சொல்லும்" என்றார் மாமா.

வசந்தியைக் கல்யாணம் செய்து மூன்று ஆண்டுகளில் மாமா என்னிடம் ஒரு கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அவர் விரும்பித் தேடிய மாப்பிள்ளை அல்ல. (வசந்தி தேடியது.) ஆகவே, "அதுக்கென்ன மாமா, பாப்பம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, அடுத்த ஆறு கிழமை சாதாரண மனிதர் எவரும் செய்யாத வேலைகளைச் செய்தேன். நூலகத்தில் இருந்த பழைய வாகன இதழ்களை எல்லாம் படித்தேன். விற்பனை முற்றங்களுக்குப் போய், வாங்குகிறவன் போல முகத்தை வைத்துக்கொண்டு கட்டில்களை அளந்தேன். நாடு அடியிலிருந்து மீற்றருக்கு மாறிக்கொண்டிருந்த காலம் என்பதால் எல்லாவற்றையும் இரண்டிலும் எழுதினேன். கடைசியில் முப்பத்திரண்டு பக்கத்தில் ஓர் அறிக்கை உருவானது. அதன் முதலாம் அத்தியாயம் பண்டைக்காலத்தில் மாட்டுவண்டிகளில் குடியிருந்த மக்களைப் பற்றியது. அது ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

முடிவு: கரவன். ஓரிடத்தில் கரவனை நிறுத்திவிட்டுக் காரைக் கழற்றி ஊர் பார்க்கலாம். கார் பழுதானால் வீடாவது மிஞ்சும். மோட்டார் ஹோம் என்றால் ஒரு போத்தல் பால் வாங்கவும் வீட்டையே கிளப்பிக்கொண்டு போக வேண்டும். இது பத்தொன்பதாம் பக்கம். கீழே சிவப்பு மையால் கோடும் போட்டிருந்தேன்.

மார்ச் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை அறிக்கையை உரத்து வாசித்தேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மாமி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, அது ஓடேக்கை நான் எங்கை இருக்கிறது?"

"கரவனுக்கை இருக்க ஏலாது மாமி, சட்டம் விடாது. காரிலை, வழக்கம் போலை."

"வழக்கம் போலையோ" என்றார் மாமி. அவருக்குக் கார் ஒத்துக்கொள்ளாது. ஏறிய ஐந்தாவது நிமிடத்தில் தலைசுற்றும். கையில் ஒரு தேசிக்காயை, அதாவது எலுமிச்சங்காயை, வைத்து மணந்தபடி, கண்ணைத் திறக்காமல்தான் எந்தப் பயணமும் போவார். தேசிக்காயைப் பற்றி என் அறிக்கையில் ஒரு வரி கிடையாது.

மாமா அடுத்த கிழமையே தன் ஸ்டேஷன் வாகனுக்குப் பின்னால் கரவன் கொளுவும் இரும்பைப் பூட்டுவித்தார். அதில் வீட்டில் எல்லாரும் ஒவ்வொரு தடவை முழங்காலை அடித்துக்கொண்டோம். பிறகு, கரவனை வாடகைக்குப் பதிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. "இங்கிலிசிலை வடிவாக் கதைச்சு உறுதிப்படுத்தும்" என்றார் மாமா. இது எனக்குச் சொல்ல வேண்டிய விஷயமா? பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மாமா வீட்டு ரெலிபோனில் வாடகை முற்றத்தைக் கூப்பிட்டேன். குசினி வாசலில்தான் ரெலிபோன் இருந்தது. மறுமுனையில் ஒரு பெண். கரைச்சல் இல்லாமல் பேர், விலாசம், திகதி எல்லாம் கொடுத்தேன். இடையில் மாமி குசினிக்குள்ளிருந்து தேநீர் வேண்டுமா, சீனி போடட்டுமா, இரண்டு கரண்டியா என்று கேட்டார். அவருக்கும் பதில் சொன்னேன். ஒரே நேரத்தில் இரண்டு மொழியில் இரண்டு பேரோடு பேச முடிகிறதே என்று என்னை நானே மெச்சிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெண்ணும் மிகவும் சந்தோஷமாக நன்றி சொல்லி வைத்தாள். அன்றைய நாட்குறிப்பில், "கரவன் உறுதி" என்று எழுதியிருக்கிறேன்.

பெரிய வெள்ளிக்கு முதல் நாள் நாங்கள் நால்வரும் வாடகை முற்றத்துக்குப் போனோம். அரைக்காற்சட்டையும் முழங்கால்வரை இழுத்த வெள்ளைக் காலுறையுமாக ஒருவர் வந்து, கைகுலுக்கி, எங்களை ஒரு வாகனத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். வெண்ணிறம். முன்னால் ஸ்டியரிங். பின்னால் ஏணி. சந்தேகத்துக்கு இடமில்லாத மோட்டார் ஹோம்.

நாங்கள் கரவன் அல்லவா கேட்டோம் என்றேன். அவர் பதிவுப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். என் பெயருக்கு எதிரே 'ஹோம்' என்று எழுதி, மூன்று தடவை உறுதிப்படுத்தியதாகக் குறிப்பும் இருந்தது. கரவனா ஹோமா என்று அந்தப் பெண் கேட்கக் கேட்க நான் ஹோம், ஹோம் என்றேனாம். இவ்வளவு தெளிவாகச் சொல்கிறவர்கள் குறைவு என்று அவள் பாராட்டினாளாம். அவரும் அந்தச் சொல்லை, முன்னுக்கு இருந்த 'ஹ'வை விழுங்கி, 'ஓம்' என்றுதான் சொன்னார். மாமா அந்த இடத்திலேயே கணித வாத்தியாராக மாறினார்.

"தம்பி, அண்டைக்கு நீர் ரெலிபோனிலை நிக்கேக்கை மாமி தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டவவோ?"

"ஓம்" என்றேன், ஆமாம் என்ற பொருளில்.

"பாருங்கள், திரும்பவும் சொல்கிறார்!" என்றார் வெள்ளைக் காலுறைக்காரர் இங்கிலிசில், மகா திருப்தியோடு.

"சீனி போடட்டோ எண்டும் கேட்டவ. ரெண்டு கரண்டியோ எண்டும் கேட்டவ. அப்ப மூண்டு" என்று மாமா கணக்கை முடித்தார். "இனிச் செய்யிறதுக்கு ஒண்டுமில்லை."

வசந்தி மறுபக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். (இல்லை.) ஈஸ்டர் என்பதால் முற்றத்தில் கரவன் ஒன்றுகூட மிச்சம் இல்லை. பயணத்தைக் கைவிடுவோம் என்று மாமா வாயைத் திறப்பதற்குள் மாமி தன் சாப்பாட்டுக் கூடையோடு மோட்டார் ஹோமின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"நீர் ஓடர் பண்ணினது. நீரே ஓட்டும்" என்றார் மாமா என்னிடம். இரும்பு பூட்டிய ஸ்டேஷன் வாகனை முற்றத்திலேயே விட்டுவிட்டு லேக்ஸ் என்ட்ரன்ஸ் என்ற கடலோர ஊரை நோக்கிக் கிளம்பினோம்.

அந்த ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எனக்குப் பின்னால் அரை மைல் நீளத்துக்கு வாகனங்கள் ஊர்ந்தன. ஒவ்வொரு வளைவிலும் அலுமாரிக் கதவு திறந்து ஒரு சட்டி விழுந்தது. பின்மேசையில் இருந்த மாமா, "பத்தொன்பதாம் பக்கத்திலை சட்டியைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையே" என்றார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் விரல்கள் அடுத்த நாள்தான் நிமிர்ந்தன. ஆனபடியால் பக்கத்தில் மாமி என்ன செய்கிறார் என்று பார்க்கவில்லை.

கடற்கரைக்கு அருகே ஒரு கரவன் பூங்காவில் நிறுத்தினோம். பக்கத்தில் நெவில், ஜோய்ஸ் என்று ஓய்வுபெற்ற தம்பதி. அவர்கள் கரவனின் ஒரு பக்கத்தில் கன்வஸ் கொட்டகை ஒன்றைக் கம்பங்களில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மாமி தோய்த்த சேலைகளை எங்கே காயப்போடுவது என்று தடுமாறியபோது, எங்கள் கம்பத்தில் கட்டுங்கள் என்று ஜோய்ஸே சொன்னார். எங்கள் ஏணியிலிருந்து அவர்கள் கம்பத்துக்கு ஒரு கயிறு போனது.

மூன்றாம் நாள் காலை பால் முடிந்துவிட்டது.

அதற்கும் நான் ஆயத்தமாக இருந்தேன். புறப்படுமுன் செய்ய வேண்டியவை என்று பதினேழு வேலைகளின் பட்டியல் எழுதி வைத்திருந்தேன். மின்கம்பி கழற்றினேன், சரி. காஸ் பூட்டினேன், சரி. அலுமாரிக்குக் கயிறு, சரி. பதினேழும் சரி. பட்டியலில் சேலை இல்லை. மாமி வெளியே ஜோய்ஸோடு நின்றார். வசந்தியையும் மாமாவையும் ஏற்றிக்கொண்டு மெதுவாக நகர்ந்தேன்.

"அம்மா கை காட்டுறா" என்றாள் வசந்தி.

நானும் கை காட்டினேன்.

"தம்பீ! சீலை! சீலை!" என்ற குரல் பிறகுதான் கேட்டது. அதற்குள் முதலாவது கம்பம் போயிற்று. அதன் பின்னால் மற்றவை ஒவ்வொன்றாகப் போயின. கொட்டகை முழுவதும் பெருமூச்சு விட்டதைப் போல மெதுவாக அமர்ந்தது. உள்ளே நெவில் காலைச் சாப்பாட்டில் இருந்தார். பிரேக்குக்குப் பதிலாக எதையோ மிதித்தேன். ஆறு கெஜ ஊதாச் சேலை பின்னால் பறக்க, பூங்காவில் இருந்த அத்தனை பேரும் கோப்பையோடு எழுந்து நிற்க, எங்கள் ஊர்வலம் கழிவறைச் சுவர்வரை போய் நின்றது.

கன்வஸுக்குள்ளிருந்து நெவில் தவழ்ந்து வெளியே வந்தார். கையில் பாண் துண்டு அப்படியே இருந்தது. சேலையைப் பார்த்தார். "உங்கள் நாட்டுக் கொடியா?" என்று மரியாதையாகக் கேட்டார். மன்னிப்புக் கேட்க நான் இங்கிலிசில் எத்தனையோ வாக்கியங்களைப் படித்திருந்தேன். வாயில் வந்தது "குட் மோர்னிங்" மட்டும்தான். நல்ல மனிதர், பரவாயில்லை என்றார்.

கம்பங்களை எல்லாரும் சேர்ந்து நிமிர்த்தினோம். அதன் பிறகு மாமா ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார்.

"சரி. செய்து பாத்தாச்சு. வீட்டை போவம். இது எங்களுக்குச் சரிவராது."

மாமி ஏழு ஆண்டு காத்திருந்த பயணம் என் கையால் முடிகிறது. மாமி கிழிந்த சேலையை மடித்துக்கொண்டு நின்றார்.

"நான் வரேல்லை" என்றார்.

"என்ன?"

"முப்பது வருஷமா உங்களோடை காரிலை கண்ணை மூடிக்கொண்டு வந்தனான். எந்த ஊருக்குப் போனாலும் எனக்குத் தெரிஞ்சது தேசிக்காய் மணம்தான். இதிலை உயரத்திலை இருந்து வரேக்கை தலை சுத்தேல்லை. வழி முழுக்கப் பாத்தனான். மலையைப் பாத்தனான், மாட்டைப் பாத்தனான். தேசிக்காய் இன்னும் கூடைக்கை கிடக்குது. வாங்கிறதெண்டா இதைத்தான் வாங்க வேணும்."

"இதை ஆர் ஓட்டுறது? இவரோ?" மாமா என்னைக் காட்டினார். "எனக்கும் இந்த வயதிலை ஏலாது."

"நான் பழகுவன்."

மாமா சிரிக்கத் தொடங்கினார். வசந்தி இதை மொழிபெயர்த்ததும், தங்கள் காரையும் கரவனையும் இவ்வளவு காலமும் ஓட்டுவது தான்தான் என்றும், நெவிலுக்கு வலது இடது தெரியாது என்றும் ஜோய்ஸ் சொன்னார். நெவில் பாணை மென்றபடி தலையாட்டினார். மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அன்று பின்னேரமே, பூங்காவுக்குப் பின்னால் இருந்த வெறும் புல்வெளியில், ஜோய்ஸ் பக்கத்தில் இருக்க, மாமி ஸ்டியரிங்கைப் பிடித்தார். எதிலும் மோதவில்லை. அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

அந்த ஆண்டு முடிவதற்குள் மாமி லைசென்ஸ் எடுத்தார். அடுத்த ஆண்டு ஒரு மோட்டார் ஹோம் வாங்கினார்கள். மாமி ஓட்டினார், மாமா வரைபடம் பார்த்தார். மேற்குக் கரைவரைக்கும் போனார்கள்.

வருகிறவர்கள் எல்லாரிடமும் மாமா இந்தக் கதையைச் சொன்னார். சொல்லி முடித்து ஒரு தேற்றத்தையும் நிறுவினார்: "தம்பி ஆறு கிழமை ஆராய்ஞ்சு ஒண்டைச் சொன்னால், மற்றது சரி." நான் இதைப் பகிடி என்றுதான் நினைத்தேன். பிறகு வசந்தியின் தங்கை இரண்டு வீடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க என்னை அனுப்பினாள். மூன்று சனிக்கிழமை அளந்து ஒன்றைச் சொன்னேன். மற்றதை வாங்கினாள். இன்றும் அதில்தான் சந்தோஷமாக இருக்கிறாள். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் என்னைக் கேட்காமல் எவரும் பெரிய முடிவு எடுப்பதில்லை. இவ்வளவு மதிப்பு வேறு மருமகன் எவருக்கும் கிடைத்ததாக நான் படித்ததில்லை.

போன மாதம் என் மகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை கிடைத்தது, ஒன்று சிட்னியில், ஒன்று இங்கே. "டாட், விச் வன்?" என்று கேட்டாள். மூன்று நாள் யோசித்து, அட்டவணை போட்டு, சிட்னி என்றேன். "தாங்ஸ் டாட்" என்று கட்டிப்பிடித்துவிட்டு, மெல்பேண் வேலைக்குச் சம்மதம் சொல்ல ரெலிபோனை எடுத்தாள்.

வசந்திக்கு மட்டும் கொஞ்சம் கவலை. என்னைத் தனியே கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாள்: "என்னப்பா, நீங்கள் வடிவா யோசிச்சுத்தானே சொன்னனீங்கள்? பிள்ளையின்ரை வாழ்க்கை."