பாதிரியார் டெவரலின் மூக்கு

மூக்கு ஆர்வில் டென்ச்சின் உள்ளங்கையில் இருந்தது. மூக்குக்குச் சொந்தக்காரர், டாலோ கிரீக் கல்லூரியை நிறுவிய பாதிரியார் டெவரல், நூலக வாசலில் மார்பளவுப் பளிங்குச் சிலையாக முறைத்துக்கொண்டிருந்தார். தூசி தட்டப் போனதுதான் தப்பு.

பத்து மணிக்கு நிறுவனர் விழா. பரீட்சைக்கு முன்னால் தடவிவிட்டுப் போனால் பாஸ் என்று நானூறு மாணவர்களும் நம்புகிற மூக்கு அது. ஆர்விலோ நூலகத்தில் தற்காலிகம். வேலை நீடிக்குமா, சீட்டுக் கிழியுமா என்று கல்லூரித் தலைவர் விட்லாக் அம்மையார் இன்றைக்குத்தான் சொல்லப்போகிறார்.

"நல்லா மாட்டிக்கிட்டியா?" என்று துடைப்பத்தோடு வந்தார் கிளீட்டஸ். நாற்பது வருஷமாக இங்கே கூட்டிப் பெருக்குகிறவர்.

"சத்தம் போடாதீங்கண்ணே! பசை இருக்கா?"

இருந்தது. ஒட்டிவிட்டுப் பார்த்தால் மூக்கு தலைகீழ். துவாரம் இரண்டும் வானத்தைப் பார்த்தன. பிடுங்கினான். பாதிதான் வந்தது. மிச்சத்தை அரத்தால் ராவினான். கழுகு மூக்கு பட்டாணி ஆயிற்று.

"ஐயோ, போச்சு, என் பிழைப்பே போச்சு!"

பிளாஸ்டர் மாவு குழைத்து அப்பினான்.

"இன்னும் கொஞ்சம் பெருசா வையேன்" என்றார் கிளீட்டஸ்.

"உசுரு போகுது, கிண்டலா உங்களுக்கு?"

பட்டாணி உருளைக்கிழங்கு ஆனபோது கதவு திறந்தது.

விட்லாக் அம்மையார். கூடவே, ஆற்றுக்கு அக்கரைக் கல்லூரியின் தலைவர் பிக்ஃபோர்ட். நூறு வருஷக் கால்பந்துப் பகையை மறந்து முதன்முதலாக வந்திருக்கும் விருந்தாளி. அம்மையாரின் முகம் வெளிறிக் கிடந்தது.

பிக்ஃபோர்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிலையருகே குனிந்தார்.

"இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கேனே..." உருளைக்கிழங்கை உற்றுப் பார்த்தார். "சேச்சே, இருக்காது." மண்டபத்துக்குள் போய்விட்டார்.

அம்மையார் ஆர்வில் பக்கம் திரும்பினார். "மூக்கு உன் வேலையா?"

"தெரியாம ஆயிடுச்சு மேடம்... மன்னிச்சிடுங்க..."

"உனக்கு வேலை நிரந்தரம். மூக்கு அப்படியே இருக்கட்டும்."

அவர் போனதும் ஆர்வில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "துரத்துவாங்கன்னு பார்த்தா... என்னண்ணே இது?"

கிளீட்டஸ் மண்டபத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "டெவரலுக்கு ஏதுப்பா சிலை? இது அக்கரைக்காரங்களோட நிறுவனரு. விட்லாக் அம்மா இங்க படிச்சப்போ, கால்பந்துல அவங்ககிட்ட தோத்த ஆத்திரத்துல நானும் அவங்களுந்தான் படகுல தூக்கிப்போட்டுக் கொண்டாந்தோம்!"