மூன்றரைச் சுவர்க் கோட்டை

மக்கள் நடக்க மறந்துவிட்டார்கள் என்ற செய்தி அரசாங்கத்தின் மேலான கவனத்துக்கு வந்தது. அவர்களை மறுபடியும் நடக்க வைப்பதற்காக உடனே 'மரபு நடைவழி வளர்ச்சி அலுவலகம்' திறக்கப்பட்டது. அலுவலகத்துக்கு ஓர் அதிகாரி, அதிகாரிக்கு ஒரு ஜீப், ஜீப்புக்கு ஓர் ஓட்டுநர். அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யாத நாளில் அலுவலகமும் வேலை செய்யாது.

பழைய கிராமம், பழைய கோட்டை, ஆற்றுப் பள்ளத்தாக்கு மூன்றையும் தொட்டுச் செல்லும் ஒரு பாதை வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. அதிகாரி வரைபடத்தை மேசைமேல் விரித்தார். மேசை சின்னது, வரைபடம் பெரியது. நடுவில் ஒரு மடிப்பு மடித்துக்கொண்டு, ஸ்கேல் வைத்துச் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். கோடு கிராமத்தைத் தொட்டு, நேராகக் கோட்டை வாசலில் போய் முட்டியது. பள்ளத்தாக்கு மட்டும் கண்ணில் படவில்லை. பக்கத்தில்தான் எங்காவது இருக்கும் என்று விட்டுவிட்டார். ஒப்புதல் வந்தது. கையேடும் அச்சாகிவிட்டது.

மடிப்புக்குள் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்த விஷயம், ஜீப்பின் முன்சக்கரம் அதில் இறங்கியபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அக்கரையில் கோட்டை, இக்கரையில் கிராமம், நடுவில் பாலமே கிடையாது. படகு இருந்தது. ஆனால் படகில் ஏறினால் அது நடைவழி ஆகாது, அது வேறு துறை.

அதிகாரி ஈரக் காலோடு நின்று யோசித்தார். ஒப்புதல் பெற்ற கோடு தப்பாக இருக்க முடியாது. அப்படியானால் கோட்டைதான் தப்பான இடத்தில் நிற்கிறது. சரியான கோட்டை இக்கரையில் எங்கோ இருந்தாக வேண்டும். தேடினார். கிராமத்தின் கடைசி வீட்டருகே வந்ததும் கண்டுபிடித்துவிட்டார்.

அது தையல்காரரின் வீடு. போன மழையில் சமையலறைச் சுவர் பாதி சரிந்து, மீதி மூன்றரைச் சுவரோடு நின்றது. செங்கல் வாங்கி அடுக்கியாயிற்று, கொத்தனாரிடமும் சொல்லியாயிற்று. மாதக் கடைசியில் மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். "பச்சப்புள்ள மேல சொட்டு விழுந்துச்சு, அப்புறம் உங்க மேல என்ன விழும்னு எனக்கே தெரியாது" என்று மனைவி எச்சரித்திருந்தாள். தையல்காரர் அன்று சுவரோரம் நின்று, தன் டேப்பால் இடிந்த இடத்தை அளந்துகொண்டிருந்தார். ஊரில் எல்லோருடைய இடுப்பும் அந்த டேப்புக்குத் தெரியும்.

"யாருய்யா அது, சுவரைத் தொடறது?" என்று அதிகாரி ஜீப்பிலிருந்தே கத்தினார்.

"என் வீடு சார். அளந்துட்டிருக்கேன்."

"யார் கட்டினது?"

"எங்க தாத்தா சார்."

"அவர் என்ன ஆயுதம் வச்சிருந்தார்?"

தையல்காரர் தலையைச் சொறிந்தார். "கத்தரிக்கோல் சார். ரெண்டு வச்சிருந்தார்."

'ஆயுதசாலை இருந்தமைக்குச் சான்று உள்ளது' என்று அதிகாரி குறித்துக்கொண்டார். "இன்னிலேருந்து இது கோட்டை. ஒரு கல்லையும் தொடக்கூடாது."

"சார், இது வீடு சார். நாங்க குடியிருக்கோம்."

"கோட்டைல வவ்வால்கூடத்தான் குடியிருக்கும். வீடுன்னா நாலு சுவர் இருக்கணும். இதுல எத்தனை?"

"மூணரை. அந்த அரைய நாளைக்கே கட்டிடறேன் சார்."

"வீட்டைத்தான் கட்டலாம், கோட்டையைக் கட்டக்கூடாது."

"கட்டினா வீடாயிடும்ல?"

"வீடா இருந்தாத்தானே கட்ட அனுமதி தரமுடியும்? இதுகூடப் புரியலையே உங்களுக்கு!"

புரியாமல் என்ன? தையல்காரருக்கு நன்றாகவே புரிந்தது. அவர் முகத்தைப் பார்த்து அதிகாரிக்கும் மனம் இளகிவிட்டது. அந்த இடத்திலேயே அவரைக் கோட்டைக் காவலராக நியமித்தார். சீருடையை அவரே தைத்துக்கொள்ள வேண்டும். காவலர் கோட்டைக்குள் குடியிருக்கக் கூடாது என்பது விதி, ஆகவே வாரக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

விஷயத்தைக் கேட்ட மனைவி அழவில்லை. இடிந்த சுவர் வழியாக ஆற்றைப் பார்த்தாள். "அந்தா, அக்கரையில சும்மாத்தானே நிக்குது? அங்க போயிடலாம்" என்றாள்.

"ஏம்மா, அது கோட்டை!"

"யார் சொன்னா? நம்ம வீடுதானே கோட்டை? போய் உங்க சாரையே கேட்டுட்டு வாங்க."

தையல்காரர் மூன்று மாடி ஏறிப் போனார். "அக்கரையில ஒரு காலிக் கட்டடம் இருக்கு சார். குடியிருக்கலாமா?"

"சுவர் எத்தனை?"

"நாலும் இருக்கு சார். ஒவ்வொண்ணும் மாட்டுவண்டி அகலம்."

"ஒழுகுதா?"

"ஒரு சொட்டு ஒழுகாது."

"அப்புறம் என்னய்யா, அது வீடு. ஒரு நடைவழிக்கு ஒரு கோட்டைதான் அனுமதி, அது ஏற்கெனவே நிரம்பியாச்சு." வீடு என்றே எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

அப்படியாக, ஒரு காலத்தில் எத்தனையோ படைகள் முட்டிமோதியும் நுழைய முடியாத கோட்டைக்குள், தையல்காரர் தலையணைகளோடும் தையல் இயந்திரத்தோடும் படகில் போய் இறங்கினார். கொத்தளத்தில் கொடி கட்டினார்கள், துணி காயப்போட. மகளும் வந்து சேர்ந்தாள். அரியணை மண்டபத்து வளைவில் குழந்தைக்குத் தொட்டில் தொங்கியது. "என்னப்பா வீடு இது, புள்ள ஒரு தடவ அழுதா மூணு தடவ கேக்குது?" என்று மகள் அலுத்துக்கொண்டாள். ஆனாலும் மழை கொட்டிய அன்று குழந்தை தன்பாட்டுக்குத் தூங்கியதைப் பார்த்துத் தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக அவர் இருந்ததில்லை.

இதற்குள் நடப்பது நாகரிகமாகிவிட்டிருந்தது. நகரத்து மக்கள் கூட்டம்கூட்டமாக வந்தார்கள். சமதரையில் நடக்கவும் ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல், மழையே இல்லாவிட்டாலும் மழைக்கோட்டு. முழங்காலில் கிழிந்த கால்சட்டையோடு வந்த ஒருவரைப் பார்த்து இரக்கப்பட்டு, "குடுங்க தம்பி, ஒட்டுப் போட்டுத் தர்றேன்" என்று தையல்காரர் சொன்னார். கிழிசலோடு வாங்கிய புதுக் கால்சட்டையாம் அது. வந்தவர் கோபித்துக்கொண்டு புகார் எழுதிப் போட்டார்.

மூன்றரைச் சுவர்க் கோட்டையில் எல்லோருக்கும் பிடித்த இடம் சமையலறைச் சுவரில் இருந்த ஒரு கறை. என்றைக்கோ பால் பொங்கி வழிந்தது. எதிரிகள்மேல் கொதிக்கும் எண்ணெய் ஊற்றிய இடம் என்று கையேடு சொன்னது. "பால்தான், எங்க வீட்டுக்காரி அடுப்பை மறந்துட்டா" என்று முதல் வாரம் தையல்காரர் உண்மையைச் சொன்னார். யாரும் ரசிக்கவில்லை. இரண்டாவது வாரம் "எண்ணெய்" என்றார். அடுத்த மாதம், எத்தனை எதிரிகள் வெந்தார்கள் என்றும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நாளாக ஆக, அந்தச் சுவரருகே போகும்போது அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கையில் ஒரு நாள் ஜீப் வந்தது.

"ஒரு புகார்" என்றார் அதிகாரி. "கோட்டையைப் படம் எடுத்தா, பின்னாடி அக்கரையில ஒரு பெரிய வீடு விழுதாம். அதுல குழந்தைத் துணி வேற காயுதாம். பழமை கெட்டுப்போகுதுன்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காங்க. அந்த வீட்டை இடிச்சிடலாம்னு இருக்கேன். கோட்டைக் காவலர் பரிந்துரை வேணும். திங்கட்கிழமை கொண்டு வந்து குடுங்க."

"சார், அது என் வீடு. குழந்தை இருக்கு சார்."

"குழந்தையைப் பத்திப் புகாரே இல்லையே! துணிதான் படத்துல விழுது."

வீட்டுக்கு வந்தவர் தொட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி விட்டாளா? "என்ன, ஊசிய முழுங்கின மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று கிண்டிக் கிளறி விஷயத்தை வாங்கிவிட்டாள். "நாமளே கையெழுத்துப் போட்டு நம்மளையே இடிக்கணுமா? நீங்க காவல்காரரா, தையல்காரரா? மொதல்ல அத முடிவு பண்ணுங்க."

திங்கட்கிழமை அவர் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு, கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு மாடி ஏறினார்.

"சார், இடிச்சா மாசக்கணக்குல தூசி பறக்கும். வர்றவங்க எல்லாரும் தும்முவாங்க. மறைச்சிடலாம் சார். துணியில ஒரு பெரிய திரை நானே தைக்கிறேன். அதுல மலை, மரமெல்லாம் வரைஞ்சிடலாம்."

"அந்த இடத்துல மலை இருந்ததுக்கு என்ன ஆதாரம்?"

"என் வீடு கோட்டையா இருந்ததுக்கு இருந்த ஆதாரம்தான் சார்."

அதிகாரி கோட்டைக் கோப்பை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். ஆதாரம் வலுவாகத்தான் இருந்தது. 'இயற்கை எழில் மீட்புத் திரைத் திட்டம்' அன்றே கையெழுத்தானது.

அரியணை மண்டபம் நிறையத் துணி பரப்பித் தையல்காரர் தைத்தார். அவ்வளவு பெரிய உருப்படியை அவர் பரம்பரையில் யாரும் தைத்ததில்லை. ஆற்றங்கரையில் கம்பம் நட்டுத் திரையைக் கட்டியதும், கோட்டை முழுக்க மறைந்து அங்கே ஒரு பச்சை மலை எழுந்தது. மலைக்குப் பின்னால் குழந்தைத் துணி நிம்மதியாகக் காய்ந்தது. வந்தவர்கள் மலையைப் புகழ்ந்தார்கள். ஒரு குழு அதில் ஏறுவதற்கு அனுமதி கேட்டு மனுவும் போட்டது.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் பேய்க்காற்று அடித்தது. திரையின் கீழ்க்கயிறு அறுந்து, மலை அப்படியே மேலே தூக்கிக்கொண்டது. அக்கரை முழுவதும் திறந்துவிட்டது. வெயில் பட்டுக் கொத்தளங்கள் பொன்னாக மின்னின. கீழே ஆறும் பள்ளத்தாக்கும் வளைந்து கிடந்தன. பால் கறைக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் ஊன்றுகோலை நழுவவிட்டு வாயைப் பிளந்தார்கள்.

"ஐயோ, என்னங்க அது?" என்றாள் ஒரு பெண்மணி.

எல்லோரும் அவசரமாகக் கையேட்டைப் புரட்டினார்கள். அதில் அப்படி ஒன்றும் இல்லை. காவலரின் முகத்தைப் பார்த்தார்கள்.

தையல்காரர் அக்கரையைப் பார்த்தார். கொத்தளத்தில் மனைவி பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பறக்கும் துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கோட்டை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக் காலையில் ஜீப் அங்கே போய் நிற்கும்.

"அதுவா? அது என் வீடு" என்றார்.

"ப்பூ, வீடா!" என்று கூட்டம் சலித்துக்கொண்டது. கீழே விழுந்த ஊன்றுகோல்களைப் பொறுக்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வரிசையைத் தொடர்ந்தது. அந்தப் பெண்மணி மட்டும் கடைசியாக ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"குடுத்து வச்சவர் நீங்க. ஜன்னலத் திறந்தா கோட்டை தெரியும், இல்ல?"

"நல்லாத் தெரியும்மா. அதுவும் மழை பெஞ்சா, குடும்பமா ஜன்னல்ல நின்னு பார்ப்போம், கோட்டை ஒழுகுறத."