மஞ்சள் துணி கட்டிய சேவல்

தர்மபுரி மாவட்டத்திலேயே, கோழி மெதுவாக வளர்ந்தால் சந்தோஷப்படும் ஒரே மனிதர் எங்கள் தெரு கிராஸ்காரர்தான். மற்றவர்கள் எல்லாம் நாற்பது நாளில் இரண்டு கிலோ என்று பீற்றிக்கொள்வார்கள். இவரோ, "நம்ம குஞ்சுக்கு மூணு மாசமாவுது, இன்னும் ஒரு கிலோ தாண்டலைங்க!" என்று, பிள்ளை கலெக்டரானது போல் நல்லம்பள்ளி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார்.

நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் வேலை. மிச்ச நேரமெல்லாம் பிராய்லர் பெட்டையோடு நாட்டுச் சேவலைச் சேர்த்து 'கிராஸ்' எடுப்பார். உடம்பில் கறியும் இருக்க வேண்டும், நோய்நொடி இல்லாமல் கொல்லையில் ஓடி மேயவும் வேண்டும். அப்படி ஒரு கோழி அவர் கனவு. நாளடைவில் பார்ப்பதெல்லாம் கிராஸாகவே தெரிய ஆரம்பித்துவிட்டது. என் மகனை முதன்முதலில் ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் மனைவியிடம், "கிராஸ் நல்லா வந்திருக்குதுங்க மேடம். காலு உங்க பக்கம். வாயி மட்டும் சார் பக்கம் போயிருச்சி" என்றார். அந்த 'மட்டும்' என்ற சொல்லை என் மனைவி இன்றுவரை மறக்கவில்லை.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது என் மேதைத்தனத்தால்தான். செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டுப் பத்து பிராய்லர் குஞ்சு வாங்கினேன். ஆபீஸில் என்னை நானே பண்ணையார் என்று அழைத்துக்கொண்டேன். ஒன்றரை மாதத்தில் எல்லாம் கொழுகொழுவென்று ஆயின. ஆனால் எடை தாங்காமல் கால் வளைந்து, ஒன்றாலும் எழுந்து நிற்க முடியவில்லை. லீவு நாளில் மத்தியான வெயில் வந்தால் ஒவ்வொன்றாகத் தூக்கி நிழலுக்கு மாற்றுவேன். தண்ணீர்க் கிண்ணத்தை வாயருகே பிடிப்பேன். மதிலுக்கு மேல் தலை நீட்டிய கிராஸ்காரர், "ஏங்க சார், இதுங்க தானா நடக்குமா, இல்ல ஆட்டோ சொல்லணுமா?" என்று கேட்டார்.

அப்படிப்பட்டவரின் ஏழு வருட உழைப்பு ஒரே பகலில் போயிற்று. தெருநாய்கள் கூண்டை உடைத்து உள்ளே புகுந்துவிட்டன. வெளியே மேய்ந்துகொண்டிருந்த ஒரே ஒரு சேவல் மட்டும் முருங்கை மரத்தில் ஏறித் தப்பியது. அந்தத் துக்கத்திலும் அவருக்கு ஒரு பெருமை: "பாத்தீங்களா, பாதி பிராய்லர் ரத்தம், ஆனா மரம் ஏறுது!"

எங்கள் வீட்டில் மதிலும் கேட்டும் இருந்ததால் சேவலை என்னிடம் கொண்டுவந்து விட்டார். பிராய்லர் கதை முடிந்த பிறகு நான் வாங்கிய நாட்டுப் பெட்டை ஒன்றுதான் அப்போது எங்கள் கொல்லையில் இருந்தது.

"இது போனா மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும் சார். எனக்கு அதுக்கு வயசில்லைங்க. எந்த விருந்தாளி வந்தாலும் இத மட்டும் தொட்றாதீங்க. ஏதாச்சும் அடையாளம் வெச்சிக்கோங்க."

வைத்தேன். பழைய மஞ்சப்பையில் ஒரு நாடா கிழித்து அதன் காலில் கட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் வேறு.

ஒரு மாதம் கழித்து, நானும் மனைவியும் வேலைக்குப் போயிருந்த நாளில், ஏரியூரிலிருந்து மாமியார் வந்தார். காலில் மஞ்சள் துணியோடு ஒரு சேவல் திரிந்தால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்: சாமிக்கு நேர்ந்துவிட்டது. இதே மண்ணில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவே இல்லை. சாயங்காலம் வந்தால் வீடு முழுக்கக் குழம்பு வாசனை.

"முனியப்பனுக்கு நேந்துவுட்டுட்டு வூட்லயே வெச்சிருந்தா சாமி சும்மா வுடுமா மாப்ள? கேக்கலாம்னு போன் போட்டேன், நீங்க எடுக்கல. அதான் நானே கோயில்ல குடுத்துட்டு வந்துட்டேன்."

போன் வந்த நேரத்தில் நான் ஆபீஸில் நாலு பேருக்குக் கோழி வளர்ப்பு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

சேவலைப் பார்க்கக் கிராஸ்காரர் அந்நேரம் பார்த்தா வர வேண்டும்? நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார், "சாமிக்குக் குடுத்ததுங்க, வேணாங்கக் கூடாது" என்று களியும் குழம்பும் வைத்துவிட்டார். ஒரு துண்டு கடித்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓடியாடி வளந்த கறிங்க சார். சதையும் இருக்குது, ருசியும் இருக்குது. இப்டி ஒண்ணுக்குத்தான் நான் ஏழு வருசமா அல்லாடறேன். எங்க புடிச்சீங்க?"

மாமியார் சாமி படத்தருகே பத்திரமாக வைத்திருந்த மஞ்சள் நாடாவைக் காட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் நாடாவை வாங்கி விரலால் ஒருமுறை நீவினார். பிறகு காலெலும்பை எடுத்துக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நேரா இருக்குதுங்க. வளையவே இல்ல" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உங்க நாட்டுப் பெட்ட அடையில இருக்குதா சார்?" என்றார்.

இருந்தது, ஒன்பது முட்டையோடு. முந்தின வாரம் அத்தனையையும் ஆம்லெட்டுக்கு எடுக்கப் போன நான், பெட்டை ஒரு கொத்து கொத்தியதும் அலறியடித்து ஓடிவந்திருந்தேன். அந்த வம்சத்தைக் காப்பாற்றியது என் பயந்தாங்கொள்ளித்தனம் ஒன்றுதான்.

ஆறு பொரிந்தன. இப்போது தினமும் காலையில் தராசோடு வருகிறார். ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்து, "எதுவும் ஏறல சார்!" என்று மகிழ்ந்து, காபி குடித்து, என் அறிவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்.

குஞ்சுகள் மெதுவாகவே வளரட்டும். வளர்ந்து முடித்துவிட்டால், தினமும் எங்கள் வீட்டுக்கு வர அவருக்கு வேறு காரணம் இல்லை.